எம்எம்ஏ சஞ்சிகைகளில் எதை வாங்கலாம், எதை விடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு காலையில் என் மச்சானின் சலூனுக்கு முடி வெட்ட வருகிறவர்களை விடச் சண்டை பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம். லாஸ் வேகாஸில் சனி இரவு நடப்பது திருகோணமலைக்கு ஞாயிறு காலைத் தேத்தண்ணியோடு வந்து சேர்ந்துவிடும். அந்த சலூன் வாங்கில் எம்எம்ஏ சஞ்சிகைகள் ஒரு கட்டுக் கிடக்கின்றன, முக்கால்வாசி என்னுடையவை. அதைப் புரட்டிக்கொண்டே ஆட்கள் கேட்கும் கேள்விகள் வருஷக்கணக்காக மாறவேயில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய்த்தான் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

எம்எம்ஏ எண்டா என்ன? டிவில வாற ரெஸ்லிங் மாதிரி பொய்ச் சண்டையா?

இல்லை. பல சண்டை முறைகளையும் கலந்து ஆடும் உண்மையான போட்டி இது. அந்த ரெஸ்லிங்கில் யார் வெல்வது என்று முதலே எழுதி வைத்திருப்பார்கள், இதில் அப்படி இல்லை. குத்து, உதை, முழங்கால், முழங்கை, தூக்கி விழுத்துவது, நிலத்தில் வைத்து மூட்டை மடக்குவது, கழுத்தை இறுக்குவது எல்லாம் விதிக்கு உட்பட்டு நடக்கும். சாதாரணச் சண்டைக்கு ஐந்து நிமிடச் சுற்று மூன்று, பட்டத்துக்கு ஐந்து. தாங்க முடியாதவன் கையால் தட்டினால் அதோடு சரி.

இன்றைய வடிவம் பிரபலமானது 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வரில் யூஎஃப்சி என்ற அமைப்பு நடத்திய முதல் போட்டியில். ரொய்ஸ் கிரேசி என்ற ஒல்லியான பிரேசில்காரர் ஒரே இரவில் மூன்று பேரை வென்று காட்டினார். இதில் சஞ்சிகைக்காரர்களுக்குப் பிடித்த ஒரு கதை உண்டு. யூஎஃப்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆர்ட் டேவி விளம்பரத் துறை ஆள். 1989இல் பிளேபோய் சஞ்சிகையில் ரொய்ஸின் அண்ணன் ரோரியன் கிரேசியைப் பற்றி வந்த கட்டுரையைப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் குடும்பத்தைத் தேடிப் போனார். ஆக, இந்த விளையாட்டுக்கும் சஞ்சிகைக்கும் உள்ள உறவு பிறப்பிலேயே வந்தது. அந்தச் சஞ்சிகையை மட்டும் சலூன் கட்டில் தேடாதீர்கள், மச்சாள் அடிக்கடி வருவா.

எல்லாம் போன்லயே வருது, இனி ஆர் அண்ணா சஞ்சிகை வாங்குறது?

செய்திக்கு என்றால் வாங்கவே வேண்டாம். யார் யாரோடு மோதுகிறார், யார் வென்றார், யாருக்குக் காயம் என்பதற்கெல்லாம் போன்தான் சரி. 1997இல் தொடங்கிய ஷெர்டொக், 2006இல் வந்த எம்எம்ஏ ஜங்கி மாதிரித் தளங்களோடு அச்சு எப்படிப் போட்டி போடும்? சஞ்சிகை அச்சுக்குப் போய்க் கடைக்கு வருவதற்குள் கிழமைகள் ஓடிவிடும், இந்த விளையாட்டிலோ ஒரு சண்டை கடைசி நாளில்கூடக் குழம்பும். கபீப், டோனி பெர்குசன் சண்டையைப் பாருங்கள். 2015 தொடக்கம் 2020 வரை ஐந்து தரம் நாள் குறித்தார்கள், ஐந்து தரமும் நடக்கவில்லை. விலா எலும்பு, நுரையீரல், எடை குறைக்கப் போய் ஆஸ்பத்திரி, வயரில் தடுக்கி முழங்கால், கடைசியில் கொரோனா. ஒவ்வொரு தரமும் நாலு பக்க முன்னோட்டம் எழுதி அச்சுக்கு அனுப்பியவனின் நிலைமையை யோசியுங்கள்.

நான் சஞ்சிகையில் தேடுவது வேறு. ஒரு வீரரோடு இரண்டு மூன்று நாள் மினக்கெட்டு எழுதிய நீண்ட பேட்டி, பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு பழகக்கூடிய நுட்பப் படவரிசை, அப்புறம் ஒரு காலகட்டத்தில் எல்லாரும் என்ன நினைத்துக்கொண்டு இருந்தார்கள் என்ற சாட்சியம். போனில் நேற்றைய கருத்தை இன்றைக்கு அழித்துவிடலாம், அச்சில் அது முடியாது.

புதுசா பாக்கத் தொடங்கின எனக்கு ஒரே ஒரு பேர் சொல்லுங்க.

ஃபைட்டர்ஸ் ஒன்லி. பழைய இதழ் எது கிடைத்தாலும் சரி. ஆட்களைப் பற்றிய கதை, பயிற்சி, நுட்பம் எல்லாம் ஒரே இதழில் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், ஆங்கிலமும் வாயில் நுழையாத அளவுக்கு இருக்காது. காரணம் கேட்டால் இரண்டு கேள்வி தள்ளிப் பாருங்கள்.

பிளக் பெல்ட் எண்டு ஒண்டு எங்கட கராத்தே மாஸ்டர் வீட்ட கிடக்கு. அதுவும் இதே சாமான்தானே?

பாதிதான் அதே சாமான். பிளக் பெல்ட் 1961இல் மிட்டோ உயேஹாரா தொடங்கியது, இந்த வகைச் சஞ்சிகைகளுக்கு மூத்த அண்ணன். கராத்தே, ஜூடோ, குங்ஃபூ, தேக்வாண்டோ எல்லாவற்றுக்கும் பொது. 1971 செப்டம்பரில் புரூஸ் லீ அதில்தான் ஒரு கட்டுரை எழுதி, ஒரே பாணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்காதே, உனக்குப் பொருந்துவதை எல்லா இடத்திலிருந்தும் எடு என்ற கருத்தைப் போட்டு உடைத்தார். எம்எம்ஏ என்ற சொல் யாருக்கும் தெரியாத காலம் அது.

அதனால் இந்த விளையாட்டின் வேர் எங்கே ஓடுகிறது என்று தெரிய வேண்டுமென்றால் பிளக் பெல்ட் நல்லது, உங்கள் மாஸ்டரிடம் பணிவாகக் கேட்டு வாங்குங்கள். எம்எம்ஏ சண்டைகளை அலசி எழுதுவதை அதில் எதிர்பார்த்தால் ஏமாற்றம். வாள், நிஞ்சா உடுப்பு விளம்பரங்களும் தாராளமாக இருக்கும். சின்ன வயதில் அதைப் பார்த்துத்தான் அம்மாவிடம் நான் அடி வாங்கினேன், அது வேறு கதை.

ஃபைட்டர்ஸ் ஒன்லி, ஃபைட்! ரெண்டுல எது நல்லம்?

சலூனில் இதற்கே ஒரு சண்டை நடந்திருக்கிறது. ஃபைட்டர்ஸ் ஒன்லி பிரித்தானியாவில் பிறந்தது. அதனால் அமெரிக்கக் கண்ணாடி வழியாக மட்டும் பார்க்காது, ஐரோப்பிய வீரர்களுக்கும் அங்கத்தைய ஜிம்களுக்கும் இடம் கொடுக்கும். 2008இல் தொடங்கிய உலக எம்எம்ஏ விருதுகளை நடத்துவதும் அவர்கள்தான், அதில் வாக்குப் போடுவது ரசிகர்கள். ஒரு சஞ்சிகை கொடுக்கும் விருதுக்கு வீரர்கள் கோட் சூட் போட்டு வந்து நிற்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கத்தானே வேண்டும்.

ஃபைட்! 2007இல் அமெரிக்காவில் வந்தது. அந்த நேரத்தைக் கவனியுங்கள். 2005 ஏப்ரல் 9 அன்று ஃபொரஸ்ட் கிரிஃபின், ஸ்டெபன் பொனர் இருவரும் டிவியில் மாறி மாறி அடித்துக்கொண்ட சண்டைக்குப் பிறகு அமெரிக்காவில் எம்எம்ஏ பித்துப் பிடித்தது, புதுச் சஞ்சிகைகள் மழைக்காளான் போல முளைத்தன. அதில் தாளும் படமும் முதல் தரம் ஃபைட்!தான். ஆட்களைப் பற்றி எழுதும் கட்டுரைகளும் அதில் ஆழமாக இருக்கும் என்பது என் எண்ணம். குறை என்னவென்றால் மண்டையோடும் சிறகும் போட்ட டீசேட் விளம்பரங்களைத் தாண்டித் தாண்டித்தான் கட்டுரையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், வாசிக்க ஃபைட்!, பழக ஃபைட்டர்ஸ் ஒன்லி. மச்சான் இதை ஒத்துக்கொள்ள மாட்டான்.

யூஎஃப்சியே தன்ட பேர்ல சஞ்சிகை போட்டதே, அதுல வாறதுதானே சரியான தகவல்?

தகவல் சரியாக இருக்கும், ஆனால் முழுதாக இருக்காது. யூஎஃப்சி பெயரில் வந்த சஞ்சிகை பார்க்க அழகு, வேறு யாருக்கும் கிடைக்காத, அரங்கத்தின் உள்பக்கத்தில் எடுத்த படங்கள் இருக்கும். ஆனால் வீரர்களுக்குச் சம்பளம் போதுமா, இந்தத் தீர்ப்பு சரியா, அந்தச் சண்டையை ஏன் வைக்கவில்லை என்ற கேள்விகளை அங்கே தேடாதீர்கள். கல்யாண வீட்டுக்காரரே எடுத்த வீடியோவில் பந்தியில் சாப்பாடு முடிந்துபோன காட்சி இருக்குமா?

வெளிச் செய்தியாளருக்கும் சிக்கல் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2016 ஜூன் 4 அன்று யூஎஃப்சி 199 நடந்துகொண்டிருக்கும்போதே ஏரியல் ஹெல்வானி என்ற நிருபரை அரங்கிலிருந்து வெளியே அனுப்பினார்கள். அவர் செய்த குற்றம், முன்னாள் சம்பியன் புரொக் லெஸ்னர் திரும்பி வருகிறார் என்ற செய்தியை யூஎஃப்சி சொல்வதற்கு முன்னமே சொன்னது. வாழ்நாள் தடை என்றார்கள், ஊர் கொதித்த பிறகு இரண்டு நாளில் எடுத்தார்கள். அனுமதி அட்டை அடுத்தவன் கையில் இருக்கும்போது பேனை கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும்.

குத்துச்சண்டையில் இது பழைய வியாதி. 1922இல் தொடங்கிய த ரிங் சஞ்சிகை அந்த உலகத்தின் வேதப் புத்தகம் மாதிரி. 1977இல் டொன் கிங் நடத்திய டிவி போட்டித் தொடரில் ஆடியவர்களின் வெற்றிக் கணக்கு அந்தச் சஞ்சிகையில் பொய்யாக ஏற்றப்பட்டது வெளியே வந்து பெரிய அவமானமாகப் போனது. 2007இல் ஒஸ்கார் டி லா ஹோயாவின் கோல்டன் போய் நிறுவனம் அதை வாங்கியது, 2024இல் சவூதியின் துர்கி அல் ஷேக் கைக்குப் போனது. இரண்டு பேரும் சண்டை நடத்துகிறவர்கள். எந்தச் சஞ்சிகையை எடுத்தாலும் முதல் இரண்டு பக்கத்தில் வெளியீட்டாளர் யார், பின் அட்டை விளம்பரம் யாருடையது என்று பாருங்கள். உள்ளே யாரைப் பற்றிக் கடுமையாக எழுத மாட்டார்கள் என்பது அங்கேயே விளங்கிவிடும்.

திருமலைல எந்தக் கடைல எடுக்கலாம்?

எந்தக் கடையிலும் இல்லை. இங்குள்ள புத்தகக் கடைகளில் பரீட்சை வழிகாட்டியும் கொப்பியும் பத்திரிகையும்தான். கொழும்புக்குப் போனால் மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தை ஓரமாக இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் தேடுங்கள். இரவு ரயிலில் போனால் காலையில் கடை திறக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். எம்எம்ஏ என்று கேட்டால் கடைக்காரருக்கு விளங்காது. பொடிபில்டிங், கார், கராத்தே எல்லாம் ஒரே அடுக்கில் கிடக்கும், நீங்களே குனிந்து தேட வேண்டியதுதான். ஆசையை முகத்தில் காட்டாதீர்கள். நான் ஒரு இதழைக் கண்டதும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், விலை அந்த இடத்திலேயே இரட்டிப்பானது.

இரண்டாவது வழி கனடா, லண்டன் சொந்தங்கள். என் கட்டில் பாதி, டொரோண்டோவில் இருக்கும் சித்தப்பா பெட்டி அனுப்பும்போது பால்மாவுக்கும் சொக்லேட்டுக்கும் இடையில் திணித்து அனுப்பியவை. 2011 ஏப்ரல் 30 அன்று ரொஜர்ஸ் சென்டரில் 55,000க்கு மேல் சனம் கூடிய யூஎஃப்சி 129இன் நிகழ்ச்சிப் புத்தகமும் அதற்குள்ளே வந்தது, அவர் போகவில்லை, வேலை இடத்தில் யாரோ கொடுத்ததாம்.

தபாலில் அச்சுச் சந்தா கட்டுவதை யோசித்துச் செய்யுங்கள். நான் ஒரு வருஷத்துக்குக் கட்டினேன், பன்னிரண்டில் நான்குதான் கைக்கு வந்தது, மற்ற எட்டும் எந்தக் கடலில் போனது என்று இன்றுவரை தெரியாது. டிஜிட்டல் பிரதி கிடைத்தால் அதை எடுங்கள்.

பழைய இதழ் வாங்குறது காசு நட்டம் தானே?

பேட்டியும் நுட்பமும் பழசாவதில்லை. விதி பழசாகும், அதில் கவனம் வேண்டும். முழங்கையை மேலிருந்து செங்குத்தாகக் கீழே இறக்கி அடிப்பது, கடிகாரத்தில் பன்னிரண்டிலிருந்து ஆறுக்கு என்று சொல்வார்களே, அது தடை என்று பழைய இதழ் எல்லாவற்றிலும் இருக்கும். 2024 நவம்பரிலிருந்து யூஎஃப்சியில் அது தடை இல்லை. பழைய விளக்கத்தை வாசித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை டிவியைப் பார்த்து "ஃபவுல், ஃபவுல்" என்று கத்திய ஒருவர் இருக்கிறார், பெயர் வேண்டாம், கத்தரிக்கோல் பிடிக்கிறவர்.

வாங்கும்போது இதழை நடுவில் திறந்து பாருங்கள். போஸ்டரை உருவியிருப்பார்கள், அதன் மறுபக்கத்தில் இருந்த கட்டுரையும் அதோடு போயிருக்கும். இங்கே கடல் காற்றில் பின் துருப்பிடித்து நடுத்தாளில் இரண்டு மண்ணிறப் பொட்டு விழும், அது பரவாயில்லை. ஈரம் பட்டதுதான் ஆபத்து. வழுவழுப்பான தாள் நனைந்து காய்ந்தால் பக்கமும் பக்கமும் பசை போட்டது போல ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் ஒரு பக்கத்து ஆளின் மூக்கு மறுபக்கத்து ஆளின் வயிற்றோடு வரும். ஒட்டிய இதழை அரை விலைக்கும் வாங்காதீர்கள். வீட்டில் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில், மருந்துப் போத்தலில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டு நிமிர்த்தி வையுங்கள்.

அதுல இருக்கிற படத்தைப் பாத்து நாங்களே பழகலாமா?

தெரிந்ததைத் திருத்திக்கொள்ளலாம், தெரியாததைப் பழக முடியாது. ஆம்பார் படவரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்தபடி எதிராளியின் கையை நீட்டி முழங்கையை எதிர்ப்பக்கம் வளைப்பது அது. ஆறு படம் இருக்கும். முதலில் மணிக்கட்டைப் பிடிப்பது, இரண்டாவதில் அவன் இடுப்பில் கால் வைப்பது, மூன்றாவதில் ஆள் ஏற்கனவே குறுக்காகத் திரும்பிக் கிடப்பார். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் முழு விஷயமும் இருக்கிறது, இடுப்பைத் தூக்கிப் பக்கவாட்டில் சுழற்றுவது. அது எந்தப் படத்திலும் இராது. அப்புறம் கால் முகத்துக்கு மேலே, இரண்டு முழங்காலும் நெருக்கம், கடைசியில் இடுப்பை உயர்த்துவது. கடைசிப் படத்தில் எதிராளியின் கட்டைவிரல் மேலே பார்க்கிறதா என்று கவனியுங்கள். கட்டைவிரல் திரும்பியிருந்தால் முழங்கை சரியான பக்கத்தில் இல்லை.

நல்ல சஞ்சிகையை இதில்தான் நான் அளப்பேன். அதே அசைவை இரண்டு கோணத்தில் எடுத்திருக்கிறதா, பிடி எந்தக் கை என்று எழுத்தில் சொல்கிறதா, எதிராளி எதிர்த்தால் என்ன செய்வது என்று ஒரு படமாவது இருக்கிறதா. ஜியு ஜிட்சு நுட்பத்துக்கு என்றால் பிரேசிலின் கிரேசிமேக் இவை எல்லாவற்றையும் விட மேல், சண்டைச் செய்தி குறைவு, பிடி வித்தை அதிகம்.

ஹீல் ஹூக் படவரிசையைப் பார்த்து மட்டும் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். குதிக்காலை முறுக்கும் பிடி அது, வலி தெரிவதற்கு முன்னமே முழங்கால் நார் போய்விடும். ஆம்பாரையே படம் பார்த்துச் செய்து மச்சானின் முழங்கையை மூன்று கிழமை கட்டுப் போட வைத்தவன் சொல்கிறேன்.

பேருக்குப் பக்கத்துல 28-1, அடைப்புக்குள்ள ஒரு என்சி எண்டு போட்டிருக்கு. என்ன கணக்கு இது?

முதலாவது வெற்றி, இரண்டாவது தோல்வி, மூன்றாவது எண் இருந்தால் சமநிலை. என்சி என்றால் அந்தச் சண்டை செல்லாது என்று அர்த்தம். நீங்கள் கேட்பது ஜோன் ஜோன்ஸின் கணக்கு. அந்தச் செல்லாத ஒன்று 2017இல் டானியல் கோர்மியேவை வீழ்த்திய சண்டை, ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டியதால் வெற்றியைப் பறித்தார்கள்.

தோல்வி ஒன்று இன்னும் சுவாரசியம். 2009 டிசம்பரில் மாட் ஹமிலை அவர் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார், ஆனால் மேலே சொன்ன அதே செங்குத்து முழங்கையால் அடித்ததால் தகுதி நீக்கம். இன்றைய விதியில் அந்த அடி குற்றமே இல்லை. வெறும் எண்ணைப் போடும் சஞ்சிகை, அந்த எண் எப்படி வந்தது என்று ஒரு வரி எழுதும் சஞ்சிகை, இரண்டுக்கும் வித்தியாசம் இங்கேதான் தெரியும்.

ரெண்டு சஞ்சிகைல ரெண்டு தரவரிசை. எதை நம்புறது?

முதலில் அது யாரை வைத்து எடுத்த வரிசை என்று பாருங்கள். யூஎஃப்சியின் அதிகாரபூர்வ வரிசை 2013 பெப்ரவரியில் வந்தது, ஊடகக்காரர் குழு ஒன்று வாக்களிக்கிறது, ஆனால் யூஎஃப்சியில் இருப்பவர்களுக்கு மட்டும். வேறு அமைப்பின் சம்பியன் எவ்வளவு திறமைசாலி என்றாலும் அதில் வர முடியாது. தனியாக இயங்கும் சஞ்சிகை எல்லா அமைப்பையும் கலந்து போடும், அதனால் பெயர்கள் மாறும்.

அடுத்த குழப்பம் எடை. சிங்கப்பூரின் வன் சம்பியன்ஷிப்பை நம்மூர்ப் பெடியள் நிறையப் பேர் பார்க்கிறார்கள். அங்கே ஃப்ளைவெயிட் என்றால் 135 இறாத்தல், அதாவது 61.2 கிலோ. யூஎஃப்சியில் அதே பெயருக்கு 125 இறாத்தல், 56.7 கிலோ. டிமிட்ரியஸ் ஜோன்சன் இரண்டு இடத்திலும் ஃப்ளைவெயிட் பட்டம் வென்றார், ஒரே பெயர், வேறு எடை. அங்கே விதியும் வேறு. நிலத்தில் இருப்பவனின் தலையில் முழங்காலால் இடிக்கலாம். 2021இல் அட்ரியானோ மொராயிஸ் அப்படித்தான் ஜோன்சனை வீழ்த்தினார், யூஎஃப்சியில் அது தடை. ஆகவே எடையைக் கிலோவில் போடாத வரிசையை நான் கணக்கில் எடுப்பதேயில்லை.

பழைய இதழ்கள்ல பொம்பிளையளைப் பற்றி ஒண்டுமே இல்லையே அண்ணா?

கராத்தே வகுப்புக்குப் போகும் ஒரு தங்கச்சி கேட்டது, நியாயமான கேள்வி. யூஎஃப்சியில் முதல் பெண்கள் சண்டை 2013 பெப்ரவரி 23 அன்றுதான், ரொண்டா ரௌசி, லிஸ் கார்மூஷ். அதற்கு முந்திய இதழ்களில் 2009இல் மோதிய ஜீனா கரானோ, கிரிஸ் சைபோர்க் போல ஒன்றிரண்டு பேர்தான் தலைகாட்டுவார்கள், மற்றப்படி பெண் என்றால் சுற்று எண் அட்டை தூக்குகிறவர்தான். 2013க்குப் பிந்தியதைத் தேடுங்கள். நம் பக்கத்து ஆள் என்றால் 2024 ஜூனில் யூஎஃப்சியில் வென்ற முதல் இந்தியப் பெண் பூஜா தோமர், அவரைப் பற்றி வாசிக்கப் போன்தான் வழி.

எடை குறைக்கிற முறை எண்டு ஒரு கட்டுரை இருக்கு, ஒரு கிழமைல ஆறு கிலோவாம். செய்து பாக்கவா?

வேண்டாம். அது உடம்பைக் குறைக்கும் முறை இல்லை, நிறுவைக்கு முதல் உடம்புத் தண்ணீரை வற்றடித்துவிட்டு அடுத்த நாள் திரும்ப நிரப்புவது. 2015 டிசம்பரில் சீன வீரர் யாங் ஜியான் பிங் எடை குறைக்கப் போய் இறந்தார். அவருக்கு 21 வயது. அதற்குப் பிறகுதான் வன் சம்பியன்ஷிப் உடம்பில் நீர் போதுமா என்று சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது, மேலே சொன்ன எடைப் பெயர்கள் அங்கே மாறியதற்குக் காரணமும் இதுதான். திருகோணமலை வெயிலில் ரெயின்கோட் போட்டு ஓடினால் உங்களைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது நாங்கள்.

பக்கத்துக்குப் பக்கம் பவுடர் டப்பா விளம்பரம். நம்பலாமா?

விளம்பரத்தை விளம்பரமாகப் பாருங்கள். யூஎஃப்சி வீரர் யோயல் ரொமேரோ 2016இல் கடையில் வாங்கிய ஒரு சத்துப்பொருளால் சோதனையில் மாட்டினார். லேபலில் இல்லாத பொருள் உள்ளே இருந்தது என்று நிரூபித்தும் ஆறு மாதத் தடை தப்பவில்லை. கட்டுரை போலவே எழுதி மூலையில் சின்னதாக விளம்பரம் என்று போட்டிருக்கும் பக்கங்களைத்தான் கவனிக்க வேண்டும்.

ஜப்பான் சஞ்சிகை ஒண்டு இருக்கு, ஒரு எழுத்தும் விளங்கேல்ல. வச்சிருக்கிறதுல பிரயோசனம் இருக்கா?

கண்டிப்பாக வையுங்கள், வேண்டாம் என்றால் எனக்குத் தாருங்கள். ககுதோகி ட்சூஷின் 1986இலிருந்து 2010 வரை வந்தது, கொங் ககுதோகி என்றும் ஒன்று உண்டு. 1997இலிருந்து 2007 வரை நடந்த ஜப்பானின் பிரைட் அமைப்பின் காலத்தைப் படத்தில் பார்க்க இவற்றை விட்டால் வேறு இல்லை. முதல் சுற்றே பத்து நிமிடம், விழுந்தவனின் தலையில் பந்து உதைப்பது போல உதைக்கலாம், அப்படி ஒரு காலம். இடமிருந்து வலம் என்று புரட்டப் போனால் கதை தலைகீழாகப் போகும், பின் அட்டை என்று நாம் நினைப்பதுதான் பல இதழ்களுக்கு முன் அட்டை.

என்ட மகனுக்கு பதிமூண்டு வயசு தம்பி, சலூனுக்கு வந்தா இதைத்தான் பாக்கிறான். விடலாமா?

அக்கா, இரத்தப் படங்கள் இருக்கும், அதை மறைக்க முடியாது. ஆனால் பேட்டிகளில் வருவது பெரும்பாலும் விடிய எழும்பி ஓடுவது, தோற்று அழுவது, பயிற்சியாளரிடம் திட்டு வாங்குவதுதான். என் யோசனை, கிரேசிமேக் மாதிரிப் பிடி வித்தை இதழ்களைக் கொடுங்கள், அதில் குத்து குறைவு. எடை குறைக்கும் கட்டுரைகளை மட்டும் நீங்கள் முதலில் பாருங்கள். அவன் ஆங்கிலத்தில் எந்தப் பாடப் புத்தகத்தையும் இவ்வளவு கவனமாக வாசித்து நான் பார்க்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்ல இப்படி ஒண்டு வராதா? எங்கட சீனடி, சிலம்பம் பற்றி எழுதுவாங்களா?

எம்எம்ஏவுக்கென்று தமிழில் ஒரு சஞ்சிகை என் கையில் இதுவரை படவில்லை. பத்திரிகை விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட் போக மிச்ச இடத்தில் உதைபந்து, அதிலும் மிச்சம் இருந்தால் ஒரு மூலை. கார்ட், கிளிஞ்ச், டேக்டவுன் மாதிரி ஒரு இருபது சொல் தெரிந்தால் ஆங்கில இதழை ஓட்டிவிடலாம், சலூன் சுவரில் அந்தப் பட்டியலைத் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

சீனடி சிலம்படி பற்றி எம்எம்ஏ சஞ்சிகையில் தேடாதீர்கள். மற்ற நாட்டுப் பழைய வித்தைகளை எழுதும் பழக்கம் பிளக் பெல்டுக்குத்தான் உண்டு. கிழக்கில் சீனடி தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் போய்க் கேட்பதுதான் குறுக்கு வழி. படம் எடுக்க விடுவார்களா என்பது நீங்கள் கதைக்கும் விதத்தைப் பொறுத்தது.

எனக்கு ஒண்டு இரவல் தருவீங்களா?

சலூனில் இருந்து எவ்வளவு நேரமும் வாசிக்கலாம். வீட்டுக்குக் கொண்டு போவதென்றால் கண்ணாடிக்குக் கீழே தொங்கும் கொப்பியில் பெயரும் திகதியும் எழுதிவிட்டுப் போங்கள், போஸ்டரில் கை வைக்க வேண்டாம். கடைசியாக எழுதாமல் போன இதழ் கிண்ணியாவில் ஒரு வீட்டில் இருப்பதாகக் கேள்வி, நானும் இரண்டு தரம் போய்விட்டேன், ஆள்தான் வீட்டில் இல்லை.